ஆள்காட்டி விரலின் வேலைநிறுத்தம்

தோழர், ஓர் உதவி. கண்டக்டர் நீட்டுகிற அந்தச் சீட்டை வாங்கி என் சட்டைப்பையில் வைத்து விடுங்கள். போத்தனூர் ஒன்று. என்னால் முடியாது, இடது கையால் பெட்டியைப் பிடித்திருக்கிறேன், வலது கையைப் பாருங்கள். கட்டைவிரலில் ஒன்று, ஆள்காட்டி விரலில் ஒன்று, நடுவிரலில் ஒன்று. இதை மாட்டிக்கொண்டு காகிதத்தைத் தொட்டால் கிழிந்துவிடும். சிங்காநல்லூரில் ஏறும்போது ஓர் அம்மாவின் முந்தானையில் மாட்டிக்கொண்டது. அவர் திட்டிய திட்டில் பாதி எனக்கே புதிது. நாற்பது வருடம் தொழிற்சங்கத்தில் இருந்தவனுக்குப் புது வசவு கிடைப்பது லேசில் நடக்காது.

கழற்றிவிட்டு வரலாமே என்றுதானே பார்க்கிறீர்கள்? கண்டக்டரும் அப்படித்தான் பார்த்தார். கழற்ற மாட்டேன். காரணம் இருக்கிறது. நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? போத்தனூர் ரயில் நிலையமா? நல்லது, முழுவதையும் கேட்கலாம். மணி என்ன? மூன்றா? சரி. நான் நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். நாலு அடித்து ஒரு நிமிடம் ஆனாலும் என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து விடுவார். நாளை விழாவிலும் அவர்தான் உட்காருவார். அது யார் என்று பிறகு சொல்கிறேன், இப்போதே சொன்னால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

அந்தப் பெட்டிமேல் காலை மட்டும் வைத்து விடாதீர்கள். பயப்பட வேண்டாம், வெடிகுண்டு இல்லை. ஒரு காலத்தில் நான் பெட்டியோடு பஸ்ஸில் ஏறினால் பின்னாலேயே சாதாரண உடுப்பில் ஒரு போலீஸ்காரர் ஏறுவார். இப்போது யாரும் ஏறுவதில்லை. அது ஹவாயன் கிட்டார். மடியில் படுக்க வைத்து வாசிப்பது. இடது கையில் ஓர் இரும்புக் கட்டையைப் பிடித்துத் தந்திமேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வலது கை விரல்களில் இந்தப் பிக்குகளை மாட்டி மீட்ட வேண்டும். இந்தப் பிக்குக்காகத்தான் போத்தனூரில் மூன்று வாரம் வேலைநிறுத்தம் நடந்தது. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பத்திரிகையில் வரவில்லை. நம்முடையது எது வந்தது, இது வர?

என் பெயர் ஆறுக்குட்டி. மில் பக்கம் நோட்டீஸ் ஆறுக்குட்டி என்றால் தெரியும். தெரிந்தவர்களில் பாதிப்பேர் செத்துப் போனார்கள், மீதிப்பேர் கவுன்சிலர் ஆகிவிட்டார்கள். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம். எழுதியதும் அதுதான். உலகத்தில் எந்த விஷயத்தையும் நாலு பக்கத்தில் சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. ஐந்தாம் பக்கத்துக்குப் போகிறவன் எதையோ மறைக்கிறான்.

இந்த ஆள்காட்டி விரலைப் பாருங்கள். பிக் மூடியிருப்பதால் தெரியாது. உள்ளே நகத்தோடு சேர்ந்த மேல் கணு கிடையாது. இருபத்து நாலு வயதில், மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் இயந்திரம் வாங்கிக்கொண்டது. பஞ்சோடு பஞ்சாகப் போய்விட்டது. அந்த வாரத்து நூலில் நெய்த வேட்டியை எவர் கட்டினாரோ, என்னையும் சேர்த்துத்தான் கட்டியிருப்பார். முப்பத்தோரு நாள் வேலைநிறுத்தம் செய்தோம். இயந்திரத்துக்குக் கம்பித் தடுப்பு வந்தது. அன்றிலிருந்து எந்த மேடையானாலும் மற்றவர்கள் முஷ்டியைத் தூக்குவார்கள், நான் இந்த அரை விரலைத் தூக்குவேன். கூட்டம் கப்பென்று அடங்கும். சங்கம் மூன்றாக உடைந்தபோது மூன்று தரப்பும் என்னைக் கூப்பிட்டது. அவர்களுக்கு வேண்டியது நான் இல்லை, விரல். அதுவும் எனக்குத் தெரியும்.

பிறகு மில்லை மூடினார்கள். சங்க அலுவலகம் செல்போன் உறை விற்கும் கடை ஆனது. காலி செய்தபோது பரணில் இந்தக் கிட்டார் கிடந்தது. எங்கள் கலைக்குழுவுடையது. எவனுக்கும் வேண்டாம். மேசையை ஒருத்தன் தூக்கினான், மின்விசிறியை ஒருத்தன் கழற்றினான், நாற்காலிக்கு அடிதடி. நான் இதை எடுத்துக்கொண்டேன். வீட்டில் நான் ஒண்டி ஆள். கல்யாணத்துக்கு நேரம் ஒதுக்கவில்லை, அப்போது போராட்டம் இருந்தது.

தந்தி வாங்கப் போன கடையில் சொன்னார்கள், போத்தனூர் ரயில்வே காலனியில் டோரீன் டீச்சர் என்று ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி இந்த வாத்தியம் சொல்லித் தருகிறார், புருஷன் எஞ்சின் டிரைவராக இருந்து காலமாகிவிட்டார், அறுபத்து மூன்று வயது, கண்டிப்பானவர் என்று. கண்டிப்பு எனக்குப் பழக்கம். போன வருடம் ஜூன் மாதம் போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாளே தகராறு. அந்தக் கடையிலேயே மூன்று பிக் வாங்கி, வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போயிருந்தேன். தகடு மேல் பக்கமாக, நகத்துக்கு மேல் நகம் மாதிரி. நியாயம்தானே? நகம் எந்தப் பக்கம் வளர்கிறதோ அந்தப் பக்கம்தானே பிக் இருக்க வேண்டும்? அவர் கதவைத் திறந்தார். என் கையைப் பார்த்தார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன மேன், பூனை மாதிரி வந்து நிக்கறே! யாரைப் பிறாண்டப் போறே?"

"அம்மா, எனக்கு எழுபது வயது. மரியாதையாகப் பேசுங்கள்" என்றேன்.

"சரி, மிஸ்டர் பூனை. உள்ள வாங்க. தகடு கீழே வரணும். விரலோட சதை இருக்குல்ல, அது மேலே. சதைதான் தந்தியைத் தொடுது. சதைக்குத்தான் சட்டை."

ஒப்புக்கொள்வேனா? இரண்டு வாரம் தலைகீழாகவே வாசித்தேன். தந்தியில் தகடு இடறும், விரல் மடங்கும், சத்தம் தகரக் கொட்டகையில் கல் விழுந்த மாதிரி வரும். அவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் சொன்ன மாதிரி திருப்பி மாட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு தந்தி. தோழர், அந்த ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. அடுத்த வகுப்பில் தகடு கீழ்ப்பக்கம் இருப்பதே அறிவியல் முறை என்று நான் கண்டறிந்திருப்பதாக அவரிடம் தெரிவித்தேன். "அப்படியா மிஸ்டர் குட்டி? தேங்க்யூ" என்றார்.

மிஸ்டர் குட்டி! ஆறுக்குட்டி அவர் வாயில் நுழையவில்லையாம், பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டார். நாற்பது வருடம் முதலாளிகள் பயந்த பெயர். எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தேன். மறுவாரம் "மிஸ்டர் ஆறு" என்று கூப்பிட்டார். என்னவோ போல் இருந்தது. ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றேன். நிர்வாகக் காரணங்களுக்காக.

பிக் தேர்ந்தெடுப்பதில் எத்தனை விஷயம் இருக்கிறது தெரியுமா? விரலுக்கு உலோகம், கட்டைவிரலுக்குப் பிளாஸ்டிக். தகடு மெல்லிசாக இருந்தால் சத்தமும் மெல்லிசு, நாலு பாட்டில் வளைந்துவிடும். தடித்தால் சத்தம் கனமாக வரும், ஆனால் விரலில் ஏதோ பாரம் ஏற்றின மாதிரி இருக்கும். தகட்டின் நுனி விரல் நுனியோடு சேர்ந்து கொஞ்சம் மேலே வளைய வேண்டும், இல்லாவிட்டால் தந்தியைக் கொத்தும். பட்டை இறுகினால் விரல் நீலமாகிவிடும். தளர்ந்தால் பிக் சுற்றிக்கொண்டு எங்கேயோ பார்க்கும். கட்டைவிரல் பிக்குதான் எல்லாவற்றிலும் மோசம். பிளாஸ்டிக் வளையம், ஒவ்வொருவர் கட்டைவிரலுக்கும் ஒவ்வொரு மாதிரி. அதற்கு டோரீன் டீச்சர் ஒரு வழி வைத்திருக்கிறார்.

அவர் குடிக்கிற தேநீர் கொதிக்கக் கொதிக்க இருக்கும். பிக்கை அதற்குள் போடுவார். இளகியதும் ஸ்பூனால் எடுத்து என் கட்டைவிரலில் மாட்டி, தன் இரண்டு கையாலும் மூடி அழுத்திப் பிடித்துக்கொள்வார். ஆறி இறுகும் வரை. எவ்வளவு நேரம் என்று கேட்டேன். ஒரு ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் என்றார். கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள்ளேயே சொல்வார். நான் நாத்திகன் தோழர். நாலு பக்கப் பிரசுரம் பதினொன்று எழுதியிருக்கிறேன் கடவுள் இல்லை என்று. ஆனால் இந்த ஜெபம் கொஞ்சம் நீளமாக இருக்கலாம் என்பது என் கருத்து. பிளாஸ்டிக் முழுவதுமாக ஆறாமல் கையை எடுத்துவிடுகிறார். அதனால் வாராவாரம் எனக்குப் பிக் தளர்ந்துவிடும். வாராவாரம் மறுபடி தேநீர், மறுபடி ஜெபம். மற்ற மாணவர்களுக்கு ஒரு தடவை மாட்டினால் வருடம் முழுக்க நிற்கிறதாம். என் கட்டைவிரலில் ஏதோ கோளாறு.

என்ன சிரிக்கிறீர்கள்? நான் பிக்கைப் பற்றித்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்? உக்கடம் வந்துவிட்டதா? மணி என்ன? மூன்று இருபதா? வண்டி பரவாயில்லாமல் போகிறது.

மாணவர்கள் என்றால் மொத்தம் மூன்று பேர். நான். பியூலா என்று ஒரு நர்ஸ் அம்மா, காலனியிலேயே குடியிருப்பவர், வம்புதும்புக்குப் போகமாட்டார். மூன்றாவது, அனந்தன். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். எந்த நாட்டிலிருந்தோ மகன் அனுப்பிய பிக் டப்பா, வெல்வெட் துணி, அதைத் துடைக்க இன்னொரு துணி. அதிகாரி வர்க்கம். விரல் பத்தும் முழுசாக இருக்கிறது. அவற்றை வைத்து அவர் கையெழுத்தைத் தவிர வேறு எதுவும் போட்டதில்லை.

எனக்கு இந்த விரல்தான் பிரச்சினை. பிக் உட்கார வேண்டிய கணுவே இல்லையே? கீழ்க் கணுவில் மாட்டினால் மீட்டுகிற வேகத்தில் கழன்று பறக்கும். ஒரு நாள் டீச்சரின் புருஷன் படத்தில் பட்டது. "ஸாரி டார்லிங், ஸ்டூடண்ட்" என்று படத்திடம் சொன்னார். இன்னொரு நாள் அனந்தனின் காபிக்குள் விழுந்தது. அது தற்செயல், இன்றைக்கும் சொல்கிறேன். நானே செய்து பார்த்தேன். பால் பவுடர் டப்பாத் தகரம், பேனா மூடி, தண்ணீர்க் குழாய்த் துண்டு, சைக்கிள் டியூபை உள்ளே ஒட்டிக்கூடப் பார்த்தேன். எல்லாம் பறந்தன. ஒன்று இன்னும் அந்த வீட்டு ஓட்டுமேல் கிடக்கிறது.

காலனி ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் இருந்தது. மூன்று பேரும் டீச்சரும் சேர்ந்து ஒரு பாட்டு வாசிப்பதாக ஏற்பாடு. கடைசியில் வருகிற நீண்ட வழுக்கல் எனக்கு. கீழிருந்து மேல் வரை, ஒரு பெருமூச்சு மாதிரி. டீச்சருக்குப் பக்கத்து நாற்காலி. அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"மிஸ்டர் குட்டி, அந்த விரலை விட்டுடுங்க. நடுவிரல், மோதிர விரல், ரெண்டுலயும் போட்டுப் பழகுங்க. ஈஸியா இருக்கும். அந்த விரல் சும்மா இருக்கட்டும்."

சும்மா இருக்கட்டும்! கேட்டீர்களா? அனந்தன் தலையை ஆட்டினார். வேலையில் அடிபட்டவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முழுக் கையுள்ள ஒருத்தனை அந்த இடத்தில் வைப்பது. இதைத்தானே மில்லில் செய்தார்கள்? முப்பத்தோரு நாள் கஞ்சி குடித்து எதை எதிர்த்தோமோ, அதையே ஒரு பூப்போட்ட கவுன் போட்டுக்கொண்டு ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். அதுவும் சிரித்த முகமாக. சிரிக்காமல் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

அன்றிரவே உட்கார்ந்து எழுதினேன். "ஆள்காட்டி விரலைப் பணிநீக்கம் செய்யாதே!" நாலு பக்கம். ஐந்து கோரிக்கை. கோரிக்கை ஒன்று, குறையுள்ள விரலுக்கும் சம வாய்ப்பு. இரண்டு, தகுந்த பிக் வழங்குவது ஆசிரியரின் கடமை. மூன்று, காபியில் விழுந்தது தற்செயல் என்று பதிவு செய்ய வேண்டும். நான்கும் ஐந்தும் இப்போது மறந்துவிட்டது. முறைப்படி பதினான்கு நாள் முன்னறிவிப்பு. பியூலாவும் அனந்தனும் கையெழுத்துப் போட்டார்கள். அனந்தன் ஏன் போட்டார்? அவருக்கு எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டே பழக்கம்.

டீச்சரிடம் நேரில் கொடுத்தேன். கண்ணாடி போட்டு நாலு பக்கமும் படித்தார். எழுத்துக்கூட்டித்தான் படித்தார், தமிழ் அவருக்குப் பேச்சோடு சரி. அரை மணி நேரம் ஆனது. என் பிரசுரத்தை யாரும் அரை மணி நேரம் படித்ததில்லை தோழர். தொழிலாளியே படித்ததில்லை, கப்பல் செய்து விடுவான்.

"ரொம்ப நல்லா எழுதறே மேன். ஆனா நீ ஸ்ட்ரைக் பண்ணா, யாருக்கு நஷ்டம்?"

"நிர்வாகத்துக்கு" என்றேன்.

குளிர்பெட்டிக் கதவில் ஒரு காந்தம் வைத்து ஒட்டினார். அறிவிப்புப் பலகையில் ஒட்டினார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

பதினான்கு நாள் முடிந்தது. புதன்கிழமையும் சனிக்கிழமையும் வகுப்பு. முதல் புதன் அன்று மூன்று பேரும் உள்ளே போகவில்லை. நான் எதிர் வேப்பமரத்தடியில் அட்டை பிடித்து நின்றேன். நாலரைக்கு டீச்சர் வெளியே வந்து, வேலிமேல் ஒரு டம்ளர் தேநீரும் இரண்டு இஞ்சி பிஸ்கட்டும் வைத்துவிட்டுப் போனார். போராட்டக் களத்தில் எதிர்த்தரப்புத் தேநீரைத் தொடக் கூடாது. அது விதி. நானே பல பேரைத் தட்டி விட்டிருக்கிறேன். ஆனால் ஆறிப்போனால் யாருக்கும் உபயோகம் இல்லையே என்று குடித்தேன்.

சனிக்கிழமை வந்தது. மரத்தடியில் நான் மட்டும் நிற்கிறேன். உள்ளே கிட்டார் சத்தம். எட்டிப் பார்த்தால் அனந்தன்! கருங்காலி! என் நாற்காலியில்! கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஆறுக்குட்டி, தப்பா நினைச்சுக்காதீங்க. வீட்ல இருந்தா மருமக பாத்திரம் கழுவச் சொல்றா" என்றார். முதுகெலும்பே இல்லாத வர்க்கம்.

அடுத்த புதன் பியூலாவும் போய்விட்டார். அவராவது வந்து சொல்லிவிட்டுப் போனார். "அண்ணே, நீங்களும் வந்துருங்க. டீச்சர் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடறதில்ல." உண்ணாவிரதம்! எதிர்த்தரப்பு உண்ணாவிரதம் இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? பலவீனம் என்று அர்த்தம். நான் இன்னும் உறுதியாக நின்றேன். அனந்தன் என்னுடைய வழுக்கலை வாசித்தார். மரத்தடிக்குக் கேட்டது. பெருமூச்சா அது? விக்கல்.

அதற்குப் பிறகு நான் மரத்தடிக்கும் போகவில்லை. போராட்டத்தின் வடிவத்தை மாற்றினேன். வீட்டிலேயே இருந்தேன். வீட்டில் தேநீர் போட்டால் சூடே நிற்பதில்லை. பிஸ்கட் வாங்கினால் அதில் இஞ்சி இல்லை. கட்டைவிரல் பிக்கைத் தேநீரில் போட்டு நானே மாட்டிக்கொண்டு நானே இன்னொரு கையால் அழுத்திப் பார்த்தேன். ஜெபம் தெரியாதே, என்ன சொல்வது? இன்குலாப் ஜிந்தாபாத் பதினைந்து தடவை சொன்னேன். பிக் உட்கார்ந்தது. உட்கார்ந்து என்ன செய்ய?

பொறுங்கள், வண்டி ஏன் நிற்கிறது? ஏதாவது லாரி குறுக்கே நிற்கும். நகரும். மணி? மூன்று முப்பத்தைந்தா? நகரும், நகரும்.

முந்தாநாள் வியாழக்கிழமை பியூலா என் வீட்டுக்கே வந்தார், இரண்டு பஸ் மாறி. கையில் ஒரு தீப்பெட்டி. "டீச்சர் குடுத்தாங்கண்ணே. நான் ஒண்ணும் கேக்கல, நீங்களும் ஒண்ணும் கேக்காதீங்க." திறந்தேன். பஞ்சுக்கு நடுவில் இது இருந்தது. நன்றாகப் பாருங்கள், தொடலாம். தைக்கும்போது ஊசி குத்தாமல் விரலில் மாட்டுவார்களே, அந்த வெள்ளிக் கிண்ணம். அவர் கல்யாணத்தின்போது யாரோ கொடுத்தது, மேசையில் நூல்கண்டுக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும், பார்த்திருக்கிறேன். அதன் வாயை வெட்டி, முனையில் கார்க் அடைத்து, அடியில் ஒரு பிக் தகட்டை வைத்துப் பற்ற வைத்திருக்கிறார். உள்ளே மெத்தென்று துணி. என் பாதி விரல் உள்ளே போனால் கார்க்கில் போய் நிற்கிறது. வெளியே தகடு, எந்த இடத்தில் என் விரல் நுனி இருந்திருக்குமோ, சரியாக அந்த இடத்தில் முடிகிறது.

மாட்டினேன். இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. உதறினேன். பறக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அந்த வழுக்கலை வாசித்தேன். நாற்பத்தேழு வருடம் கழித்து என் விரல் முழுசாக ஒரு வேலை செய்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, வெள்ளி சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்குப் புரியவில்லை. டீச்சர் என் விரலை ஒரு நாளும் அளவெடுத்ததில்லை. நூல் வைத்ததில்லை, மெழுகு வைத்ததில்லை. வாராவாரம் கட்டைவிரல் பிக்கை மாட்டும்போது கை முழுவதும் அவர் கைக்குள் இருக்கும், அவ்வளவுதான். அளவே இல்லாமல் இவ்வளவு கச்சிதமாக ஒருவரால் எப்படிச் செய்ய முடியும்? யோசித்து யோசித்துப் பார்த்தேன். அனுபவம். நாற்பது வருட ஆசிரியர் அனுபவம்.

ஒரு சீட்டும் இருந்தது. என் சட்டைப்பையில் பஸ் சீட்டோடு இருக்கிறது, எடுத்துப் படியுங்கள். அவரே தமிழில் எழுதியது. "மிஸ்டர் குட்டி, அந்த விரலும் வரட்டும். சனி நாலு மணி கடைசி ஒத்திகை. வராவிட்டால் நாற்காலி அனந்தனுக்கு. டோரீன்." உங்களுக்குப் புரிகிறதா? கோரிக்கை இரண்டு ஏற்கப்பட்டது, எழுத்து மூலமாக! நிர்வாகம் இறங்கி வந்துவிட்டது! எனக்கு மேடையில் ஏறிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. மேடை இல்லை, கட்டில்மேல் ஏறினேன். பலகை உடைந்து விழுந்தேன். அதனால்தான் கொஞ்சம் நொண்டுகிறேன். வேலைநிறுத்தத்தை முறித்துக்கொண்டு நான் போகவில்லை தோழர், பேச்சுவார்த்தைக்குப் போகிறேன். அதனால்தான் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வந்தேன். பெட்டிக்குள் போட்டு வழியில் எங்காவது தவறிவிட்டால்? இந்தச் சட்டையா? புதிதுதான். பேச்சுவார்த்தைக்குப் புதுச் சட்டை போடுவது மரபு.

மணி என்ன? மூன்று நாற்பத்து நாலா? ஏன் இன்னும் நகரவில்லை? கண்டக்டர், என்னய்யா அங்கே? மறியலா? எவன்டா அவன் சனிக்கிழமை மத்தியானத்தில் மறியல் செய்கிறவன்? பொதுமக்களுக்கு எவ்வளவு இடைஞ்சல்! நோயாளி போவான், பிள்ளைத்தாய்ச்சி போவாள், ஒத்திகைக்குப் போகிறவன் போவான். கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா? என்ன பார்க்கிறீர்கள்? ஆமாம், நான் நாற்பத்து மூன்று சாலை மறியல் நடத்தியிருக்கிறேன். அவை வேறு. அவற்றுக்குக் காரணம் இருந்தது.

காலிக் குடமா? நாலு நாளாகத் தண்ணீர் வரவில்லையா? சரி. காரணம் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு நாலு மணி!

இறங்குகிறேன். இங்கிருந்து பத்து நிமிட நடை. நீங்களும் அந்தப் பக்கம்தானே, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் தூக்கி வாருங்கள், இந்த நொண்டிக் காலோடு இடது கையால் மட்டும் தூக்க முடியாது, இந்த விரல்களோடு கைப்பிடியைப் பிடித்தால் தகடு வளைந்துவிடும். மெதுவாக. அம்மா, கொஞ்சம் வழி விடுங்கள். அம்மா, அந்தப் பச்சைக் குடம். ஐயோ, எத்தனை குடம்! ரோட்டை அடைத்துக் கோலம் போட்ட மாதிரி வைத்திருக்கிறார்களே. நல்ல ஒழுங்கு. பாராட்ட வேண்டியதுதான், ஆனால் வேறொரு நாள்.

யாரம்மா அது? ஆமாம், நோட்டீஸ் ஆறுக்குட்டிதான். உன் அப்பா ஸ்பின்னிங்கில் இருந்தாரா? சுப்பையனா? நல்ல மனிதர். நான் பேச வேண்டுமா? இங்கேயா? இப்போதா? தோழர், மணி? நாற்பத்தெட்டா? சரி, இரண்டு வார்த்தை. கூப்பிட்டுப் பேசாமல் போனேன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். சகோதரிகளே! தாய்மார்களே!

என்ன, ஏன் யாரும் அடங்க மாட்டேன் என்கிறார்கள்? விரலைத் தூக்கிவிட்டேனே. தூக்கினால் கப்பென்று... ஓ. பளபளவென்று மின்னுகிறது. முழுசாக இருக்கிறது. இந்த விரலைக் காட்டி நான் என்ன பேச? நாற்பத்தேழு வருடமாக இதில் இல்லாததைக் காட்டித்தான் பேசினேன். தோழர், எனக்குப் பேச்சு வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை. மைக் இல்லாததால் இருக்கும்.

என்ன கேட்கிறாய் அம்மா? விரலில் என்னவா? பிக். கிட்டாருக்கு. யார் செய்து கொடுத்ததா? ஒரு டீச்சர். பொம்பளை டீச்சரா என்று எதற்குக் கேட்கிறாய்? பொம்பளை டீச்சர்தான். வெள்ளிதான். அதற்கு ஏன் இப்படிச் சிரிக்க வேண்டும் எல்லோரும்?

"அண்ணன் பொண்ணு பாக்கப் போறாருடி, கொடத்தத் தள்ளுங்க!" கேட்டீர்களா தோழர், அந்த அம்மாவின் வாயை? பெண் பார்க்கவாம்! அம்மா, நான் பேச்சுவார்த்தைக்குப் போகிறேன்! முத்தரப்புப் பேச்சுவார்த்தை! சரி, இருதரப்பு! குலவை போடாதே, தாயே, இது என்ன கோயிலா? பாருங்கள், பஸ்ஸுக்கு விடாத வழியை எனக்கு விடுகிறார்கள். இரண்டு பக்கமும் குடம், நடுவில் நான். விடாதீர்கள் தாய்மார்களே, அதிகாரி வருகிற வரை எழுந்திருக்காதீர்கள்! நான் ஆறு மணிக்குத் திரும்பி வந்து உங்களோடு உட்காருகிறேன்! ஆறு இல்லை, ஆறரை! ஒரு நோட்டீஸும் எழுதித் தருகிறேன்!

வேகமாக நடங்கள் தோழர், சிரிப்பை வீட்டில் போய்ச் சிரித்துக்கொள்ளலாம். பெட்டி கனமா? நான் மூன்று வாரமாக இதைவிடக் கனமானதைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். இந்தச் சந்துதான். மணி? ஐம்பத்தெட்டா? அதோ, அந்த வெள்ளை கேட். வேப்பமரம். அந்த மரத்தடிதான் போராட்டக் களம். வாசலில் நிற்பது யார் என்று பாருங்கள், என் கண்ணாடி வீட்டில் இருக்கிறது. பூப்போட்ட கவுனா? கையில் டம்ளரா? ஆவி பறக்கிறதா?

நில்லுங்கள். ஒரு நிமிடம் நில்லுங்கள். கடைசியாக ஓர் உதவி. இந்தக் கட்டைவிரல் பிக் இருக்கிறதே, இதன் வளையத்தைக் கொஞ்சம் இழுத்து விரித்து விடுங்கள். பயப்படாதீர்கள், உடையாது. இன்னும் கொஞ்சம். இன்னும். போதும்.

பார்த்தீர்களா, தளர்ந்துவிட்டது. நான்தான் சொன்னேனே, இந்தப் பிளாஸ்டிக்கை நம்பவே முடியாது.